வீட்டை இழக்காமல் கிடைக்கும் சுதந்திரம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் காலத்தில் சுதந்திரம் என்றால் நாட்டைப் பற்றியும் பேச்சுரிமையைப் பற்றியும் பேசினோம். இன்றைய பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்க ஆளில்லாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று ஆகிவிட்டதா? அவர்கள் உண்மையில் எதைத்தான் கேட்கிறார்கள்?" உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஒருவரைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களை நடத்திவருகிற வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஐயா அஞ்சுவது போல அவர்கள் தனித்துப் போக விரும்பவில்லை. தங்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவைத் தாங்களே எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் அம்மா அப்பாவின் வீட்டுக்குள் தலைநிமிர்ந்து நுழைய முடிய வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. சட்டம் இதில் முதல் பாதியைப் பெருமளவுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டாவது பாதியைக் கொடுக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

மகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் பலனில்லாதபோது, பெற்றோர் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். காவல்துறை பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து இரு நீதிபதிகள் அமர்வின் முன் நிறுத்துகிறது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்து அவள் மேஜர்தான் என்று உறுதிசெய்த பிறகு, நீதிபதிகள் அவளிடமே கேட்கிறார்கள்: யாராவது கட்டாயப்படுத்தினார்களா, யாருடன் போக விரும்புகிறாய்? அவள் சொல்லும் பதிலைப் பதிவுசெய்து, அவள் விருப்பப்படி போகலாம் என்று கூறி மனுவை முடித்துவைக்கிறார்கள். பெரும்பாலான வழக்குகளில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

அதன் பிறகு வராந்தாவில் நடப்பது எந்த உத்தரவிலும் பதிவாவதில்லை. பெண் முதலில் கேட்பது தன் மார்க் ஷீட்டையும் ஆதார் அட்டையையும்தான், ஏனென்றால் அவை இரண்டும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. அவை இல்லாமல் படிப்பைத் தொடரவும் முடியாது, வேலைக்குச் சேரவும் முடியாது. தாய் கேட்பது கழுத்துச் சங்கிலியையும் கம்மலையும். பெண் அவற்றை அங்கேயே கழற்றிக் கொடுக்கிறாள், கம்மலின் திருகாணி கழலாமல் விரல் நடுங்க நிற்கும்போது சில சமயம் அதே தாய்தான் உதவிசெய்கிறாள். "இன்றோடு தலைமுழுகிவிட்டோம்" என்று தந்தை சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது, வழக்கில் வென்ற பெண் அழுதுகொண்டு நிற்கிறாள். பெற்றோரின் பிடியிலிருந்து தப்பிப்பதுதான் இவர்களுடைய சுதந்திரம் என்று நினைப்பவர்கள், அவள் ஏன் அழுகிறாள் என்பதை விளக்க வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 18 வயது நிறைந்தவர் தன் காரியங்களுக்குத் தானே பொறுப்பு என்பது 1875ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் உள்ள சட்டம். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது அரசமைப்புத் திருத்தம் 1988இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அதே வயதில், தன் துணையைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீதிமன்றங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது: வயதுவந்த ஆணோ பெண்ணோ தன் விருப்பப்படி யாரையும் மணக்கலாம், பெற்றோருக்குப் பிடிக்கவில்லையென்றால் அவர்கள் அதிகபட்சம் செய்யக்கூடியது உறவை முறித்துக்கொள்வதே தவிர, மிரட்டவோ துன்புறுத்தவோ அவர்களுக்கு உரிமையில்லை. ஆயிரக்கணக்கான இணையர்களைக் காப்பாற்றிய தீர்ப்பு அது. நானும் அதை எத்தனையோ மனுக்களில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனாலும், பெற்றோருக்கு எஞ்சியிருக்கும் சிறிய வழி என்று நீதிமன்றம் கருதிய அந்த உறவுமுறிவுதான், என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படும் தண்டனை.

இதே கேள்வி நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது கேரளத்தின் ஹாதியா வழக்கில். வைக்கத்தைச் சேர்ந்த அவர் சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்தவர். இஸ்லாத்தைத் தழுவித் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டபோது அவருக்கு 24 வயது. அவருடைய தந்தை தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், அந்த வயதுப் பெண் எளிதில் ஏமாற்றப்படக்கூடியவள் என்று சொல்லி 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் திருமணத்தையே செல்லாது என்று அறிவித்து, அவரைப் பெற்றோரின் பொறுப்பில் ஒப்படைத்தது. மருத்துவம் படித்த, வாக்குரிமை பெற்று 6 ஆண்டுகள் கடந்த ஒருவர் மாதக்கணக்கில் வீட்டுக்குள் காவலில் இருந்தார். 2017 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, எதிர்காலத்தைப் பற்றி நீதிபதிகள் கேட்க, தனக்குச் சுதந்திரம் வேண்டும் என்று மலையாளத்தில் பதில் சொன்னார். படிப்பை முடிக்க அவரைச் சேலத்துக் கல்லூரிக்கு அனுப்பிய நீதிமன்றம், 2018 மார்ச் 8 அன்று அவருடைய திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்த விசாரணையில், கல்லூரியில் உமக்குப் பாதுகாவலராக யாரை நியமிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் கணவர் பெயரைச் சொன்னதாகவும், கணவர் மனைவிக்குப் பாதுகாவலர் ஆக முடியாது என்று நீதிபதி சந்திரசூட் விளக்கியதாகவும் அப்போது செய்திகள் வந்தன. நீதிபதி சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அந்தக் கேள்வியே, வயதுவந்த பெண்ணுக்கு இன்னொருவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்ற நினைப்பு நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. தந்தைக்குப் பின் கணவர், இடையில் விடுதி வார்டன், ஊரில் யாராவது ஒரு லோக்கல் கார்டியன்: இந்த வரிசையில் அவள் பெயர் எங்கும் வருவதில்லை.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான இளம்பெண்களுக்குச் சுதந்திரம் என்ற கேள்வி முதலில் எழுவது காதலில் அன்று, விடுதியின் வாயிற்கதவில்தான். ஆண்கள் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போய்வருகிறார்கள். அதே கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்கு வருகைப்பதிவு எடுத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்து அவளுக்கு என்ன பயன்? ஊருக்குப் போக அவுட் பாஸ் வேண்டும், அந்தப் பாஸுக்கு வார்டன் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி அனுமதி வாங்க வேண்டும். அவளுக்கு 22 வயது ஆகியிருந்தாலும், அவள் முதுகலை மாணவியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் அறிவிக்கை செய்த ஒழுங்குமுறை விதிகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிகளில் ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று பாகுபாடான விதிகளை வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. இப்படி ஒரு விதி இருப்பதை மாணவிகள் அறிந்திருப்பதில்லை, அறிந்த நிர்வாகங்களும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று நீதிமன்றமே அரசைக் கேட்டது. இரவுப் பணியில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெறும் மாணவியிடம், இரவில் வெளியே நடமாடும் பக்குவம் உனக்கு இல்லை என்று சொல்வதில் எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடுதிக் கதவைவிடக் கண்ணுக்குத் தெரியாத பூட்டு கைப்பேசியில் இருக்கிறது. மகள் எங்கே இருக்கிறாள் என்பதைக் கூகுள் மேப்ஸில் நாள் முழுவதும் பார்க்கும் வசதியை இயக்கிக் கொடுத்த பிறகே சென்னைக்கு வேலைக்கு அனுப்பும் குடும்பங்களை நான் அறிவேன். சம்பளம் அவள் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஆனால் வங்கியில் பதிவுசெய்த எண் அப்பாவுடையது, ஓ.டி.பி. அவர் கைப்பேசிக்குத்தான் போகிறது, ஏ.டி.எம். அட்டை அம்மாவின் பர்ஸில் இருக்கிறது. அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்கு நாளிதழைத் திறந்தால் காரணமும் கிடைக்கிறது. ஆனால் பயம் பெற்றோருடையதாகவும் அதற்கான விலையைக் கொடுப்பவர் பிள்ளையாகவும் இருக்கும் ஏற்பாட்டை அன்பு என்ற பெயரால் மட்டும் தொடர முடியாது. சொந்தச் சம்பளத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும் 23 வயதுப் பெண்ணிடம் சுதந்திரம் என்றால் என்ன என்று கேட்டால், அவள் தத்துவம் எதுவும் பேசமாட்டாள். ஓ.டி.பி. தன் எண்ணுக்கு வர வேண்டும் என்பாள்.

இதனால்தான், சுதந்திரத்தைப் பற்றிய பேச்சில் நாம் அதிகம் சேர்த்துக்கொள்ளாத சில சாதாரண ஏற்பாடுகள் எனக்குப் பெரியவையாகத் தெரிகின்றன. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பணம் மிச்சமாவது முக்கியம்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காசு கேட்கும்போது கூடவே வரும் "எங்கே போகிறாய்" என்ற விசாரணையும் பல வீடுகளில் குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு பஸ், ஒரு கணக்கு, ஒரு கட்டில் என்று இவற்றைச் சிறியனவாக எண்ணிவிடக் கூடாது. நீதிமன்றத்தில் "நான் போக விரும்பவில்லை" என்று சொல்லும் பெண்ணிடம் நீதிபதி அடுத்து கேட்பது எங்கே தங்குவாய், எப்படிப் பிழைப்பாய் என்பதையே. பதில் வைத்திருக்கும் பெண்ணின் குரல் தடுமாறுவதில்லை.

ஆனால் வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்வது உண்மையைப் பாதியில் நிறுத்துவதாகும். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தொகுக்கும் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கும் வழக்கம் இருந்ததாக 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், சில ஆண்டுகள் வேலை செய்து முடித்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவோம் என்று சொல்லி இளம்பெண்களை வளாகத்துக்குள்ளேயே வைத்திருந்த வரலாறும் நமக்கு இருக்கிறது. அந்தத் தொகை எதற்கு என்று பார்த்தால், அவளுடைய கல்யாணச் செலவுக்கு. மகளின் சம்பாத்தியம் என்பது பள்ளிப்படிப்புக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளின் ஏற்பாடு மட்டுமே என்று எல்லோரும் கருதும் இடத்தில், சம்பளம் அவளுக்கு அவகாசத்தைக் கொடுக்கிறது, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பதில்லை.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை யாரும் ஆறரைக்குப் பூட்டுவதில்லை. அந்த அளவில் அவர்கள் சுதந்திரமானவர்கள்தான். ஆனால் கல்விக்கடனில் தந்தை கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட அன்றே, எந்த வேலைக்குப் போவது என்ற முடிவில் பெரும்பகுதி மகனிடமிருந்து கைமாறிவிடுகிறது. தங்கையின் திருமணம் முடியும்வரை தன் பேச்சை எடுக்கக் கூடாது, இரண்டு வருடம் அரசுத் தேர்வுக்குப் படித்துத் தோற்றால் முகம் காட்டக் கூடாது, அழக் கூடாது. அவர்கள் கேட்கும் சுதந்திரம் தோற்பதற்கான அனுமதி. அதை வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லாததால், நாம் அதை ஒரு கோரிக்கையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஐயாவின் கேள்வியில் இல்லாத ஒன்றை நான் தவிர்க்க முடியாது. தமிழ்நாட்டில் ஓர் இளைஞரின் சுதந்திரம் எதுவரை நீளும் என்பதை வயதும் வருமானமும் மட்டும் தீர்மானிப்பதில்லை; சாதி தீர்மானிக்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மக்கள் நடமாட்டமுள்ள சாலையில், சங்கர் என்ற பட்டியல் சாதிப் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து அவரை மணந்த கௌசல்யா படுகாயத்துடன் உயிர்பிழைத்தார். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண் ஆகியவற்றை மாநிலங்கள் ஏற்படுத்த வேண்டும் என்று வழிகாட்டியது. அதற்கும் 7 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், சென்னையில் ஐ.டி. துறையில் நல்ல வேலையில் இருந்த பட்டியல் சாதி இளைஞர் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். அவரிடம் படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது, பெருநகர வாழ்க்கை இருந்தது. இளைஞர்கள் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று மேடைகளில் பேசும் பெரியவர்கள், அதைச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அதே மேடையில் பேசியாக வேண்டும். இவ்வகைக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றுவதற்குப் பரிந்துரை வழங்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வெகுகாலத் தாமதம் என்றாலும் நான் அதை வரவேற்கிறேன்.

சட்டம் எப்போதும் முன்னோக்கியே நகர்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொதுச் சிவில் சட்டம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. அவர்களில் ஒருவர் 21 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பெற்றோருக்குத் தகவல் அனுப்பவும் வழிசெய்கிறது. 18 வயதில் மேஜர் என்று 1875 முதல் சொல்லிவந்ததை, அரசே மூன்று வருடம் பின்னுக்கு இழுக்கும் செயல் இது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் 30 நாள் அறிவிப்பு, இன்றும் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது. மறைந்து வாழும் இணையருக்கு அந்தத் தாள் முகவரியைக் காட்டிக்கொடுக்கும் கடிதம். தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு நற்பேறு உண்டு: 1967இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், புரோகிதரும் இல்லாமல் அறிவிப்பும் இல்லாமல், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம் என்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒருசிலர் முன்னிலையில் நடக்கும் திருமணம் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாட்டை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. குடும்ப எதிர்ப்போ உயிருக்கு ஆபத்தோ இருக்கும் நிலையில் ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நாட்டைப் பற்றி இவர்களுக்கு அக்கறையில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இணையத்தில் எழுதியதற்காகக் கைதுசெய்ய இடம்கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்துசெய்தது. அந்த வழக்கைத் தொடுத்த ஷ்ரேயா சிங்கால் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சட்டம் பயில்பவர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் இரவும் பகலும் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களும். அங்கே இரவில் தங்கிய பெண்கள் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று வியந்து சொன்னார்கள். பொதுவெளியில் இரவைக் கழித்ததே அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல்முறை.

வீட்டைப் பற்றிய பேச்சு நீதிமன்றத்தில் முடிவதில்லை என்பதால், பெற்றோருக்கு நான் வழக்கமாகச் சொல்வதையும் இங்கே சேர்க்கிறேன். பிள்ளைக்கு 18 ஆனவுடன் வங்கிக் கணக்கில் பதிவுசெய்த கைப்பேசி எண்ணை அவர்களுடையதாக மாற்றிக் கொடுங்கள், சான்றிதழ்களின் அசலை அவர்கள் பையில் வையுங்கள். பிடிக்காத முடிவை எடுத்தால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், சண்டை போடுங்கள், ஒரு வருடம் பேசாமல்கூட இருங்கள். ஆனால் கதவை அடைத்துவிட்டோம் என்று ஊர் முன் அறிவிக்காதீர்கள், ஏனென்றால் அப்படி அறிவித்த பிறகு பேரப்பிள்ளை பிறந்தாலும் இறங்கிவர முடியாமல் ஊருக்காகத் தவிப்பவர்கள் பெற்றோர்தான். பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன்: எடுக்கும் முடிவை, அது ஆபத்தை வரவழைக்காத வீடாக இருந்தால், முன்கூட்டியே நேருக்கு நேர் சொல்லுங்கள். சாதி வெறி உள்ள வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்து, அதன் ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு கிளம்புங்கள்.